அளவு சொல்லாத விற்பனை: உம்றாப் பயணிகளும் ‘அன்லிமிடெட்’ இ-சிம்மும்



அரிசிக் கடைக்காரர் ஒருவர் நம்மிடம் பணத்தை முன்கூட்டியே வாங்கிக்கொண்டு, “எவ்வளவு வேண்டுமானாலும் அள்ளிக்கொள்ளுங்கள், அளவே கிடையாது” என்கிறார். நாம் இரண்டு படி அள்ளியதும் படியை வாங்கி வைத்துவிட்டு, கையில் ஒரு தேக்கரண்டியைத் தருகிறார். “அள்ள வேண்டாம் என்று நான் சொல்லவில்லையே, இனி இதனால் அள்ளுங்கள்” என்கிறார். இப்படிப்பட்ட வணிகரை நம் ஊர்க் கடைத்தெருவில் எந்தப் பெயரிட்டு அழைப்போம் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் இதே வணிகம் அல்லாஹ்வின் ஆலயத்தை நாடிச் செல்லும் பயணிகளிடம் நாள்தோறும் நடக்கிறது. பல வேளைகளில் அதை நடத்துபவர்களும் நம்மவர்களே. அதற்கு மட்டும் நாம் ‘அன்லிமிடெட் பேக்’ என்று மரியாதையான பெயர் சூட்டியிருக்கிறோம்.

இதைக் கேள்வியுற்று எழுதவில்லை. பட்டறிந்தே எழுதுகிறோம்.

சென்ற ஆண்டு குடும்பத்தோடு உம்றாவுக்குப் புறப்பட்டபோது, விசா, பயணச்சீட்டு, தங்குமிடம் ஆகியவற்றோடு இணைய இணைப்புக்கான இ-சிம்மையும் பயண ஏற்பாட்டாளரிடமே வாங்கினோம். “எத்தனை ஜிபி?” என்று கேட்டோம். “அன்லிமிடெட் பாய், நீங்க கவலையே படாதீங்க” என்றார். மேற்கொண்டு நாமும் கேட்கவில்லை. ரோமிங் கட்டணத்துக்கு அஞ்சி, ஊர் சிம்மை அணைத்தும் வைத்துவிட்டோம்.

மக்காவில் மூன்றாம் நாள். இஷாத் தொழுகைக்குப் பின் ஏற்பட்ட நெரிசலில், எழுபது வயதைக் கடந்த நம் தாயார் பெண்கள் பகுதியிலிருந்து வெளியேறியபோது வழி தவறிவிட்டார்கள். அவர்களுடைய சிறிய கைப்பேசியில் இணையம் இல்லை. கழுத்தில் தொங்கிய அட்டையில் நம் எண் இருந்தது. மொழி புரியாத ஒரு சகோதரர் அந்த எண்ணைப் பார்த்து வாட்ஸ்அப்பில் அழைத்தார். குரல் துண்டு துண்டாக வந்து அறுந்தது. பிறகு அவர் தாயார் நிற்கும் இடத்தைச் சிறு காணொளியாக எடுத்து அனுப்பினார். அந்தக் காணொளி நம் திரையில் சுழன்றுகொண்டே இருந்தது, திறக்கவில்லை. வாயில் வாயிலாக ஓடி, ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் கழித்து 79ஆம் எண் கொண்ட மன்னர் ஃபஹ்து வாயிலருகே அவர்களைக் கண்டோம். அல்ஹம்துலில்லாஹ். கைப்பிடித்து அறைக்கு அழைத்து வந்த பிறகே அந்தக் காணொளி திறந்தது. அதில் 79 என்ற எண் தெளிவாகத் தெரிந்தது.

ஏற்பாட்டாளரை அழைத்துக் கேட்டபோது வந்த பதில் இது: “அன்லிமிடெட்தான் பாய். நெட் நிக்கலையே, ஸ்லோதானே ஆயிருக்கு?”

தேக்கரண்டியின் கதை இதுதான்.

பிறகு விசாரித்து அறிந்தோம். நாம் வாங்கிய திட்டத்தில் முழு வேகம் நாளொன்றுக்கு 1 ஜிபி வரை மட்டுமே. அதைத் தாண்டினால் வேகம் 128 கேபிபிஎஸ் ஆகக் குறைந்துவிடும். அன்று காலையில் எடுத்த படங்களும் காணொளிகளும் தாமாகவே மேகச் சேமிப்புக்கு ஏறியதில் அந்த 1 ஜிபி அஸருக்கு முன்பே தீர்ந்திருக்கிறது. 128 கேபிபிஎஸ் என்பது நொடிக்கு 16 கேபி. 8 எம்பி அளவுள்ள ஒரு சிறு காணொளி இறங்குவதற்கு, வேறு எந்தச் செயலியும் இணையத்தைத் தொடாமல் இருந்தாலும், எட்டரை நிமிடம் வேண்டும். பின்னணியில் படங்களும் ஏறிக்கொண்டிருந்தால் எவ்வளவு நேரமாகும் என்பதை அன்றிரவு கண்டோம். இந்த நிபந்தனை ஏதோ ஒரு பக்கத்தின் அடியில் ஆங்கிலத்தில் எழுதப்பட்டிருந்தது. நம்மிடம் விற்றவர் அதைச் சொல்லவில்லை. ஒருவேளை அவரும் அதைப் படித்திருக்கமாட்டார்.

மார்க்கம் வகுத்த வணிக நெறி

அளவையில் குறைவு செய்பவர்களைக் கண்டிப்பதற்கென்றே திருக்குர்ஆனில் ஓர் அத்தியாயம் பெயர் பெற்றிருக்கிறது. அது 83ஆம் அத்தியாயமான அல்முதஃப்ஃபிஃபீன். ஷுஐப் (அலை) அவர்கள் தம் மத்யன் சமூகத்தாரிடம் ஏகத்துவத்தை அடுத்து வலியுறுத்தியது அளவையையும் நிறுவையையும் நிறைவாகக் கொடுப்பதைத்தான். மதீனாச் சந்தையில் தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கை நுழைத்துப் பார்த்து, அடியில் மறைக்கப்பட்டிருந்த ஈரத்தைக் கண்டு அவ்வணிகரைக் கண்டித்த நிகழ்ச்சி நம் பிள்ளைகள் மத்ரஸாவில் கற்கும் பாடம்.

இவற்றைவிட நம் பொருளுக்கு நெருங்கியது மற்றொன்று. நபி (ஸல்) அவர்கள் மதீனாவுக்கு வந்தபோது, அங்குள்ள மக்கள் பேரீச்சங்கனிகளுக்கு ஓராண்டு, ஈராண்டு முன்பே பணம் கொடுத்து வாங்கும் வழக்கம் இருந்தது. பொருள் கண்முன் இல்லை; பணம் மட்டும் கைமாறிவிடும். அவ்வாறு வாங்குபவர் அளவு, எடை, தவணை மூன்றையும் தெளிவாக வரையறுத்துக்கொள்ள வேண்டும் என்று அவர்கள் நெறிப்படுத்தினார்கள். ஃபிக்ஹு நூல்கள் இதை ‘ஸலம்’ என்ற தலைப்பில் விரிவாக ஆராய்கின்றன. அளவும் தன்மையும் அறியப்படாத பொருளை விற்பது ‘கரர்’ என்ற பெயரில் தடுக்கப்பட்டிருக்கிறது.

இ-சிம் விற்பனை எத்தகையது? பணம் சென்னையிலோ திருச்சியிலோ கைமாறுகிறது. பொருள் ஜித்தாவில் இறங்கிய பிறகே கைக்கு வருகிறது. அதைத் தொட்டுப் பார்க்க இயலாது. முகர்ந்து பார்க்க இயலாது. எனவே அளவு, தன்மை, தவணை மூன்றையும் சொல்லும் கடமை இங்கே இன்னும் கூடுதலாகிறது. அளவு என்பது ஜிபி. தன்மை என்பது வேகமும் அது குறையும் இடமும். தவணை என்பது எப்போது தொடங்கி எப்போது முடிகிறது என்பது. ‘அன்லிமிடெட்’ என்ற ஒற்றைச் சொல் இம்மூன்றையும் ஒரே வீச்சில் மறைத்துவிடுகிறது. நாம் இங்கே மார்க்கத் தீர்ப்பு வழங்கவில்லை. அது ஆலிம்களின் பணி. ஆனால் தீர்ப்புக்காகக் காத்திருக்காமலே புரிந்துகொள்ளக்கூடிய நேர்மை என்று ஒன்று இருக்கிறது.

சொல்லப்படும் சமாதானங்கள்

“நிபந்தனைகள் எழுதித்தானே இருக்கின்றன? படிக்காதது வாங்குபவர் குற்றம்” என்பது முதல் சமாதானம். ஈரமும் அந்தக் குவியலுக்குள்தான் இருந்தது. கைவிட்டுப் பார்த்திருந்தால் எவரும் கண்டிருக்கலாம். ஆனாலும் கண்டிக்கப்பட்டவர் வாங்க வந்தவர் அல்லர், விற்றவர்தான். ஆங்கிலம் அறியாத ஒரு முதியவருக்கு ஆங்கில நிபந்தனையைச் சுட்டிக்காட்டுவது மறைப்பதன் மற்றொரு வடிவமே.

“சில நூறு ரூபாய் விவகாரத்துக்கு இவ்வளவு பேச்சா?” என்பது இரண்டாவது. தராசில் குறைக்கப்படும் பிடி அரிசியும் சில காசுகள்தான். ஒரு குழுவில் நாற்பது பேர், ஓராண்டில் பல குழுக்கள் என்று கணக்கிட்டால் அது சில நூறாக இருக்காது. மேலும் உம்றாவுக்குச் செல்பவர்களில் பலர் ஆண்டுக்கணக்கில் சிறுகச் சிறுகச் சேர்த்துப் புறப்படுபவர்கள். அப்பணத்தின் ஒவ்வொரு ரூபாயும் அமானிதம்.

“நாங்களும் மேலிடத்தில் வாங்கித்தான் விற்கிறோம்” என்பது மூன்றாவது. தெரியாத பொருளை விற்க வேண்டும் என்று யார் கட்டாயப்படுத்தினார்கள்? குறை வெளிப்பட்டால் பொருளைத் திருப்பித்தரும் உரிமை வாங்கியவருக்கு உண்டு என்று நம் ஃபிக்ஹு சொல்கிறது. “ஆக்டிவேட் செய்தால் பணம் திரும்பாது” என்று கையை விரிப்பவர்கள், ஆக்டிவேட் செய்வதற்கு முன்பாவது உண்மையைச் சொல்ல வேண்டாமா?

நம் பக்கத்துக் குறை

விற்பவரை மட்டும் குற்றம் சொல்லி முடித்தால் இந்தக் கட்டுரையும் பாதி அளவையாகிவிடும். ‘அன்லிமிடெட்’ என்ற சொல் விலைபோவதற்குக் காரணம் நம் ஆசைதான். பதினைந்து நாள் வணக்கப் பயணத்துக்கு உண்மையில் எவ்வளவு இணையம் தேவை? ஒரு நாளைக் கணக்கிட்டுப் பார்ப்போம். வாட்ஸ்அப் குரல் அழைப்பு நிமிடத்துக்கு அதிகம் போனால் 1 எம்பி என்று கொண்டால், அரை மணி நேரத்துக்கு 30 எம்பி. பத்து நிமிடக் காணொளி அழைப்புக்கு ஏறத்தாழ 50 எம்பி. வரைபடம், நுசுக் செயலி ஆகியவற்றுக்கு 50 எம்பி. செய்திகளுக்கும் படங்களுக்கும் 100 எம்பி. மொத்தம் 230 எம்பி. பதினைந்து நாளுக்கு மூன்றரை ஜிபியை எட்டவில்லை. 5 ஜிபி என்று அளவு குறித்த திட்டம் ஒருவருக்குத் தாராளமாகப் போதும். அதுவும் நாள் வரம்பின்றி, தேவைப்படும் நாளில் கூடுதலாகச் செலவிட்டுக்கொள்ளும்படி அமைந்திருந்தால், நமக்கு அன்றிரவு நேர்ந்தது நேராது.

எல்லையற்ற இணையம் யாருக்குத் தேவை? தவாஃபை முழுவதும் நேரலையில் காட்டுபவருக்கும், ஹரமில் அமர்ந்து காணொளிகளைத் தள்ளிக்கொண்டிருப்பவருக்கும்தான். உயர்தரக் காணொளி ஒரு மணி நேரத்துக்கு 1 ஜிபியைத் தாண்டிவிடும். கஅபாவை முதன்முறை காணும் கண்கள் திரை வழியே காண வேண்டுமா என்பதை ஒவ்வொருவரும் தம் நிய்யத்திடம் கேட்டுக்கொள்ளட்டும்.

அதற்காக இணையமே வேண்டாம் என்று சொல்லவில்லை. “விடுதி வைஃபை போதாதா?” என்று கேட்பவர்கள், வழி தவறுவது விடுதிக்கு உள்ளே அன்று என்பதை நினைவில் கொள்ள வேண்டும். மதீனாவில் ரவ்ளாவில் தொழுவதற்கான முன்பதிவு நுசுக் செயலி வழியேதான் நடைபெறுகிறது. பிரிந்த குடும்பம் சேர்வதற்கும் இன்று கைப்பேசியே கருவி. ஆகவே இணையம் ஆடம்பரமன்று. பயணத்துக்கு உரிய கட்டுச்சோறு. கட்டுச்சோற்றை அளந்து கட்டுவதுதான் பயணியின் அறிவு.

பணம் கொடுக்கும் முன் கேட்க வேண்டியவை

1. நம் கைப்பேசி இ-சிம்மை ஏற்குமா? இ-சிம் என்பது கைப்பேசிக்குள்ளேயே பதிக்கப்பட்ட சில்லு. கியூஆர் குறியீட்டின் வழியே அதில் இணைப்பு ஏற்றப்படுகிறது. *#06# என்று அழுத்தும்போது ஐஎம்இஐ எண்ணோடு இஐடி என்ற 32 இலக்க எண்ணும் தோன்றினால் அந்த வசதி உண்டு. ஐபோன்களில் 2018இல் வந்த எக்ஸ்எஸ், எக்ஸ்ஆர் முதலே உண்டு. ஆனால் சீனாவில் விற்கப்பட்ட பல ஐபோன்களில் இல்லை. விலை குறைந்த கைப்பேசிகள் பலவற்றிலும் இல்லை. வெளிநாட்டு உறவினர் கொடுத்த கைப்பேசியானால், அது ஒரே நிறுவனத்தின் சிம்முக்கு மட்டும் பூட்டப்பட்டதா என்றும் பார்க்க வேண்டும்.

2. முழு வேகத்தில் எத்தனை ஜிபி? நாள் கணக்கா, மொத்தக் கணக்கா? தீர்ந்தால் நின்றுவிடுமா, வேகம் குறையுமா? குறைந்தால் எவ்வளவு? இக்கேள்விக்கு எண்ணால் பதில் சொல்லாதவரிடம் வாங்க வேண்டாம்.

3. நாள் எப்போது தொடங்குகிறது? ஏற்றிய உடனேயா, சவூதி வலையமைப்பில் இணைந்த பிறகா? ஏற்றிய உடனே தொடங்கும் திட்டத்தை ஊரிலேயே ஒரு வாரம் முன்பு ஏற்றினால் ஒரு வாரம் வீண். ஒரு நாள் என்பது 24 மணி நேரமா, உலகப் பொது நேரத்தின்படி கணக்கிடப்படும் நாளா? பின்னதானால் சவூதியில் அதிகாலை 3 மணிக்கே நாள் மாறும்.

4. எந்த நாடுகளில் இயங்கும்? சவூதிக்கு மட்டும் உரிய திட்டம், துபையிலோ தோஹாவிலோ விமானம் மாறக் காத்திருக்கும்போது இயங்காது. சவூதியில் எஸ்டிசி, மொபைலி, ஸைன் ஆகியவற்றில் எந்த வலையமைப்பில் இணையும் என்பதையும் கேட்க வேண்டும்.

5. ஹாட்ஸ்பாட்டுக்கு அனுமதி உண்டா? இருந்தால் இ-சிம் ஏற்காத கைப்பேசி வைத்திருக்கும் பெற்றோர் அருகில் இருக்கும்போது நம் இணைப்பைப் பகிர்ந்துகொள்ளலாம். சில ‘அன்லிமிடெட்’ திட்டங்களில் இதற்கும் தடையோ வரம்போ உண்டு.

6. எண் தருகிறதா? பயண இ-சிம்கள் பெரும்பாலும் இணையம் மட்டுமே தருபவை. சாதாரண அழைப்பும் குறுஞ்செய்தியும் அவற்றில் இல்லை. வங்கியின் ஓடிபி ஊர் சிம்முக்கே வரும். ஆகவே நாம் செய்த தவற்றைச் செய்யாதீர்கள். ஊர் சிம்மை அணைக்காமல், அதில் ரோமிங் சேவையைப் புறப்படும் முன்பே பெற்றுக்கொண்டு, டேட்டா ரோமிங்கை மட்டும் நிறுத்தி வையுங்கள். இ-சிம்முக்கு டேட்டா ரோமிங்கை இயக்கி வையுங்கள். ஐபோனில் இரு சிம்களுக்கிடையே டேட்டா தாமாக மாறும் அமைப்பையும் அணைத்துவிடுங்கள்.

7. விற்பவருக்கு அனுமதி உண்டா? வெளிநாட்டு நிறுவனங்களின் சிம்களை இந்தியாவில் விற்பதற்குத் தொலைத்தொடர்புத் துறையின் அனுமதி வேண்டும். 2024 ஜனவரியில், அவ்வனுமதி இன்றி விற்றதற்காக உலகளவில் அறியப்பட்ட இரண்டு இ-சிம் செயலிகள் இந்தியாவின் செயலிக் கடைகளிலிருந்து அகற்றப்பட்டன. குறை ஏற்பட்டால் யாரிடம் முறையிடுவது என்பதற்கு விடை தெரிந்த இடத்தில் வாங்குவதே நலம்.

வாங்கிய பிறகு ஊரிலேயே வைஃபையில் ஏற்றிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். ஒருமுறை ஏற்றியதை அழித்துவிட்டால், பெரும்பாலும் அதே குறியீடு மறுபடியும் பயன்படாது. படங்கள் தாமாக ஏறுவதையும், செயலிகள் தாமாகப் புதுப்பித்துக்கொள்வதையும், வாட்ஸ்அப்பில் காணொளிகள் தாமாக இறங்குவதையும் நிறுத்துங்கள். மக்கா, மதீனா வரைபடங்களை முன்கூட்டியே இறக்கிக்கொள்ளுங்கள்.

முதியவர்களுக்கு இ-சிம்தான் வேண்டும் என்பதும் இல்லை. அவர்களுடைய ஊர் சிம்மிலேயே ரோமிங் பேக் போட்டுக் கொடுத்தால், அதே எண்ணில் பேசலாம். எந்த அமைப்பையும் மாற்ற வேண்டியதில்லை. ஜித்தா விமான நிலையத்தில் கடவுச்சீட்டும் விரல் ரேகையும் கொடுத்து உள்ளூர் சிம் வாங்கும் வழியும் உண்டு. சற்றுக் கூடுதலாகச் செலவானாலும், தொலைந்தால் அழைக்கக்கூடிய எண் ஒன்று கையில் இருப்பது பெரிது.

இரு வேண்டுகோள்கள்

பயண ஏற்பாட்டுத் தொழிலில் இருக்கும் சகோதரர்களே! நீங்கள் செய்வது அல்லாஹ்வின் விருந்தாளிகளுக்கான பணிவிடை. விடுதி ஹரமிலிருந்து எத்தனை மீட்டர் என்று அச்சிட்டுக் கொடுக்கிறீர்கள். உணவில் எத்தனை வகை என்று பட்டியலிடுகிறீர்கள். அதே தாளில் இன்னும் மூன்று வரிகள் தமிழில் சேருங்கள்: எத்தனை ஜிபி, தீர்ந்தால் என்ன ஆகும், எந்நாள் முதல் எந்நாள் வரை. இதற்கு மை செலவாகாது, பரக்கத் குறையாது. ‘அன்லிமிடெட்’ என்ற சொல்லை மட்டும் அந்தத் தாளிலிருந்து அடித்துவிடுங்கள்.

ஜமாஅத் பொறுப்பாளர்களே, ஆலிம் பெருமக்களே! உம்றா வழிகாட்டு வகுப்புகளில் இஹ்ராம் அணிவதையும் ஸஃயு செய்வதையும் கற்பிக்கிறீர்கள். அவ்வகுப்பில் கால் மணி நேரம் ஒதுக்கி, பிள்ளைகளில் விவரமறிந்த ஒருவரைக் கொண்டு முதியவர்களின் கைப்பேசிகளைச் சரிபார்த்து அனுப்புங்கள். அதுவும் பயணிக்குச் செய்யும் உதவியே.

அன்றிரவு நம் தாயாருக்காக நின்ற அந்தச் சகோதரரின் பெயரும் நமக்குத் தெரியாது; ஊரும் தெரியாது. நாம் வந்து சேரும்வரை அவர் அந்த வாயிலை விட்டு நகரவில்லை. தம் நேரத்தை அளந்து பார்க்காமல் கொடுத்தார். அளவின்றிக் கொடுப்பது என்பதன் பொருளை அவரிடம் கண்டோம். விலை பெற்றுக்கொண்டு விற்பவர்கள் அவ்வளவு செய்ய வேண்டியதில்லை. வாங்கிய பணத்துக்கு உரிய அளவை வாய் திறந்து சொன்னால் போதும்.

நம் வணிகத்தில் நேர்மையையும், நம் பயணங்களில் பாதுகாப்பையும், நம் வணக்கங்களில் ஓர்மையையும் அல்லாஹ் தந்தருள்வானாக. ஆமீன்.